11வது வாரத்தில் கொலஸ்ட்ரால் 228

கேள்வி: எனக்கு வயது 28, ஊர் கும்பகோணம். முதல் கர்ப்பம், 11 வாரம் முடிந்திருக்கிறது. உயரம் 157 செ.மீ., எடை 71 கிலோ. கல்யாணத்துக்கு முன்பே சினைப்பை நீர்க்கட்டி உண்டு, அதற்காகக் கொஞ்ச காலம் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தேன். போன வாரம் என் கணவர் ஆன்லைனில் ஒரு 'ஃபுல் பாடி' பேக்கேஜ் புக் செய்ய, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 228, ட்ரைகிளிசரைடு 186, எல்டிஎல் 139, எச்டிஎல் 52. எச்டிஎல் தவிர எல்லாமே சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அப்பாவுக்கு 48 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதால் பயந்துபோய் அவருடைய கொலஸ்ட்ரால் மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் 10ஐ இரண்டு நாள் போட்டுக்கொண்டேன். பிறகு நெட்டில் படித்துவிட்டு நிறுத்தினேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மாமியார் நெய் விட்டுச் சாப்பிடு என்கிறார். அம்மா நெய், முட்டை, தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கொள்ளு ரசம் வைக்கச் சொல்கிறார். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? என்ன சாப்பிடுவது? மறுபடி எப்போது டெஸ்ட் எடுக்கட்டும்?

பதில்: தூக்கத்தைக் கெடுக்கிற விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

இரண்டு நாள், இரண்டு மாத்திரை. அதனால் குழந்தைக்குக் கெடுதல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கர்ப்பத்தைக் கலைக்கலாமா என்றெல்லாம் யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. ஸ்டாட்டின் வகை மாத்திரைகளுக்குப் பல ஆண்டுகளாக 'கர்ப்பத்தில் கூடவே கூடாது' என்ற கடுமையான எச்சரிக்கை இருந்தது. நீங்கள் நெட்டில் பார்த்தது அதைத்தான். கர்ப்பம் என்று தெரியாமல் இந்த மாத்திரையை எடுத்த பெண்களைப் பிற்பாடு பெரிய அளவில் ஆராய்ந்தபோது, பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 ஜூலையில் அந்த உச்சபட்ச எச்சரிக்கையை நீக்கச் சொன்னது. அதே அறிவிப்பில், கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலான பெண்கள் இந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே நீங்கள் நிறுத்தியது சரி, மறுபடி தொட வேண்டாம். அடுத்த செக்கப்பில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவாரே என்று பயப்பட வேண்டாம். திட்டினாலும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்வார், அதுதான் வேண்டியது. அப்பாவின் மாத்திரை டப்பா இனி அப்பாவுக்கு மட்டும்.

சரி, இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் போட்டது கம்ப்யூட்டர். மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்கு மேல், ரத்தக் கொழுப்பில் இன்னொரு வகையான ட்ரைகிளிசரைடு 150க்கு மேல் என்றால் சிவப்பு என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இவை கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கான எல்லைகள். நீங்கள் 11 வாரக் கர்ப்பிணி என்பது அந்த கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஐப்பசியில் காவிரியில் இறங்கி ஆழம் பார்த்துவிட்டு, சித்திரையில் இருந்த அளவை வைத்துக்கொண்டு 'தண்ணீர் அதிகம்' என்று எழுதுவது போல.

கர்ப்பத்தில் ரத்தக் கொழுப்பு ஏறுவது நோய் இல்லை, உடம்பே திட்டமிட்டுச் செய்கிற வேலை. முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் அளவு கொஞ்சம் இறங்கும். பிறகு ஏற ஆரம்பித்து, ஏறக்குறைய 12வது வாரத்திலிருந்து பிரசவம் வரை ஏறிக்கொண்டே போகும். ஈஸ்ட்ரோஜன் கூடக் கூடக் கல்லீரல் கொழுப்பை அதிகமாகத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. கர்ப்பத்தின் பின்பாதியில் இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காமல் போக, முதல் மாதங்களில் தொடையிலும் இடுப்பிலும் சேர்த்து வைத்த கொழுப்பும் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. கடைசி மாதங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் கால் பங்கு முதல் பாதி வரை கூடும். ட்ரைகிளிசரைடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவதும் சகஜம்.

இதெல்லாம் எதற்கு? கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கிற புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைச் செய்ய நஞ்சுக்கொடிக்குக் கொலஸ்ட்ரால்தான் மூலப்பொருள். அதை அம்மாவின் ரத்தத்தில் ஓடுகிற எல்டிஎல்லிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நாம் 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதே எல்டிஎல். குழந்தையின் ஒவ்வொரு செல்லின் சுவருக்கும், மூளைக்கும் நரம்புக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். போகப்போகக் குழந்தை தானே தயாரித்துக்கொள்ளும் என்றாலும், ஆரம்ப வாரங்களில் அம்மாவிடமிருந்து வருவதும் முக்கியம். இந்த நேரத்தில் கொலஸ்ட்ராலை இறக்கியே தீருவேன் என்று கிளம்பினால், உடம்பு ஒரு பக்கம் இழுக்க நாம் மறுபக்கம் இழுப்பதாகிவிடும்.

'அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லை, அப்படித்தானே?' என்று கேட்பீர்கள். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கென்றே மருத்துவ நூல்களில் தனி அளவுகள் உண்டு. மொத்தக் கொலஸ்ட்ரால் முதல் மூன்று மாதத்தில் சுமார் 210 வரை, நடு மூன்று மாதத்தில் 300 வரை, கடைசி மூன்று மாதத்தில் 350 வரை இருக்கலாம். ட்ரைகிளிசரைடு இதே வரிசையில் சுமார் 160, 380, 450 வரை போகலாம். முதல் மூன்று மாதத்துக்கான எல்டிஎல் எல்லை சுமார் 150, உங்களுடையது அதற்குள்தான் இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 228 லேசாக மேலே. ட்ரைகிளிசரைடு 186ம் லேசாக மேலே.

இதில் 11வது வாரம் என்பதைக் கவனியுங்கள். ஏற்றம் இன்னும் சரியாக ஆரம்பிக்கவே இல்லை. அதனால் இந்த எண்களுக்குக் கர்ப்பத்தின் மேல் அவ்வளவாகப் பழி போட முடியாது. கர்ப்பத்துக்கு முன்பு உங்கள் உடம்பு இருந்த நிலைதான் பெரும்பாலும் இதில் தெரிகிறது. நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்த, உயரத்துக்குக் கொஞ்சம் எடை கூடுதலான ஒருவரின் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறி இருப்பது எங்களுக்கு ஆச்சரியம் தருவதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் அது அப்படித்தான் இருக்கும்.

எனவே உங்கள் ரிப்போர்ட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது 228 அல்ல, 186தான். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 4,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் ரத்தத்தை ஆரம்ப மாதங்களில் சோதித்து, பிரசவம் வரை தொடர்ந்து கவனித்து, 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்ததற்கும் கர்ப்பச் சிக்கல்களுக்கும் தொடர்பு தெரியவில்லை. ட்ரைகிளிசரைடு கூடக் கூட, கர்ப்ப கால ரத்த அழுத்தமும் ப்ரீஎக்லாம்ப்சியாவும் (பி.பி. ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கிற கர்ப்பச் சிக்கல்) சற்றே அதிகமாகக் காணப்பட்டன, குழந்தை வாரத்துக்கு மீறிய எடையில் பிறப்பதும் கூடியது. கர்ப்ப காலச் சர்க்கரையோடும் ட்ரைகிளிசரைடுக்குத் தொடர்பு இருப்பதை வேறு பல ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் படித்துவிட்டு எனக்கும் அப்படித்தான் வரும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 186 என்ற எண் குழந்தையை ஒன்றும் செய்துவிடாது. சர்க்கரையையும் பி.பி.யையும் இன்னும் கவனமாகப் பாருங்கள் என்று அது உங்கள் மருத்துவருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த எண்ணை மருந்து கொடுத்து இறக்கினால் அந்தச் சிக்கல்கள் வராது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அதனால்தான் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கொழுப்புப் பரிசோதனை செய்வது வழக்கத்தில் இல்லை. பேக்கேஜில் சேர்ந்து வந்ததால் உங்களுக்கு வந்தது. (இந்தப் பேக்கேஜ்களைப் பற்றி எனக்குத் தனியாகவே ஒரு வருத்தம் உண்டு. எழுபது எண்பது எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள், அதைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.)

ரத்தம் எடுத்த விதத்தைப் பற்றி உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மசக்கை தாங்காமல் காலையில் எழுந்ததும் ரஸ்க்கும் காபியும் சாப்பிட்டீர்கள், ஒரு மணி நேரம் கழித்து ஆள் வந்தார். பரவாயில்லை. சாப்பிட்டு எடுத்தால் ட்ரைகிளிசரைடு சராசரியாக 25 புள்ளி போலக் கூடலாம். 186ல் கொஞ்சம் ரஸ்க்கின் பங்காக இருக்கலாம், முழுக்க ரஸ்க் இல்லை. இதற்காக 12 மணி நேரம் பட்டினி கிடந்து மறுபடி எடுக்க வேண்டாம். மசக்கை நேரத்தில் வெறும் வயிறு குமட்டலைத்தான் கூட்டும். சாப்பிட்டபின் எடுத்த ரத்தத்தில் 400ஐத் தாண்டினால்தான் வெறும் வயிற்றில் திரும்பப் பார்ப்போம்.

இப்போது செய்ய வேண்டியது என்ன?

முதலாவது சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்ப காலச் சர்க்கரை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்ற நடைமுறைக்கு இந்தியாவில் தமிழ்நாடுதான் முன்னோடி. சென்னையின் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வீ. சேஷய்யாவின் பங்கு அதில் பெரிது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். உங்களுக்கு இன்னும் செய்யவில்லை என்றால் 24வது வாரம் வரை காத்திருக்காமல் இப்போதே செய்யச் சொல்லுங்கள். நார்மலாக வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வரச் சொல்வார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது தைராய்டு. பேக்கேஜ் ரிப்போர்ட்டில் கொழுப்புப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். சிவப்பு இருந்தது அந்தப் பக்கத்தில் என்பதால் இருக்கலாம். ஆனால் நான் பார்க்க விரும்புவது டிஎஸ்எச் என்ற தைராய்டு சோதனை இருக்கிற பக்கத்தை. தைராய்டு சுரப்பு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும். ஆரம்பக் கர்ப்பத்தில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை தேட வேண்டாம், தைராய்டு குறைவு இருந்தால் அதற்குரிய மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) இருந்தால் அதையும் காட்டுங்கள்.

மூன்றாவது பி.பி. ஒவ்வொரு செக்கப்பிலும் அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் விட்டுவிட்டால் நீங்களே கேளுங்கள். 140/90ஐத் தொட்டால் உடனே கவனிக்க வேண்டும். முதல் கர்ப்பம், எடை, அம்மாவுக்குப் பிரசவத்தில் பி.பி. இருந்ததா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சிலருக்கு 12வது வாரத்துக்கு மேல் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. உங்களுக்குத் தேவையா என்று உங்கள் மருத்துவர் சொல்லட்டும். இதையும் நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள், மாத்திரை விஷயத்தில் உங்கள் வேகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். 20வது வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது என்று எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

இனி அம்மாவுக்கும் மாமியாருக்கும் நடக்கிற நெய் வழக்கு. தீர்ப்பு இருவருக்கும் பாதிப் பாதி.

நெய்யை நிறுத்த வேண்டியதில்லை, ஊற்றவும் வேண்டியதில்லை. அரசு மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்திலேயே நெய் இருக்கிறது. எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளைக்கு நான்கைந்து தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டு, அதற்குள் ஒரு ஸ்பூன் நெய்யைப் பருப்பு சாதத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தினம் ஒரு முட்டை, மஞ்சள் கருவோடு. தேங்காயில் கொலஸ்ட்ரால் என்பதே கிடையாது. ஆனால் அதன் கொழுப்பு நிறைவுற்ற வகை. சட்னிக்கும் பொரியலுக்கும் போதும், தினம் தேங்காய்ப்பால் குழம்பு வேண்டாம். கொள்ளு ரசம் தாராளமாக வையுங்கள், ருசிக்காக. கொழுப்பை அது கரைத்துவிடும் என்று நம்பி வைக்காதீர்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன் வாரம் இரண்டு நாள். சுறா வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேரும்.

ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் நெய்யைவிடச் சர்க்கரைக்கும் மாவுக்கும்தான் பங்கு அதிகம். இதை ஒரு வீட்டிலும் யோசிப்பதில்லை. மசக்கை என்றால் நம் வீடுகளில் என்ன கொடுக்கிறார்கள் பாருங்கள்: எழுந்ததும் இனிப்பு போட்ட காபி, தொட்டுக்கொள்ள ரஸ்க், பத்து மணிக்கு குளுக்கோஸ் தண்ணீர், மத்தியானம் மாதுளை ஜூஸ் சர்க்கரையோடு, சாயந்திரம் சத்துமாவு பானம் என்ற பெயரில் இன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. சோறு இறங்கவில்லையே, பாவம் என்று கொடுப்பதுதான். ஆனால் முட்டையை நிறுத்திவிட்டு ஜூஸைக் கூட்டினால் உங்கள் 186 மேலேதான் போகும். ஜூஸுக்குப் பதில் பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள். ரஸ்க்குக்குப் பதில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ வறுத்த வேர்க்கடலையோ தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எழுந்திரிக்கும் முன் கொஞ்சம் மென்றுவிட்டு எழுந்து பாருங்கள், குமட்டலுக்கும் நல்லது. வெயிலுக்கு உப்பு போட்ட நீர்மோர். மத்தியானம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் கூட்டையும் சுண்டலையும் வையுங்கள். பேக்கரி பப்ஸ், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த கடை பஜ்ஜி இரண்டையும் தள்ளி வையுங்கள். ஒரு மாதம் இதெல்லாம் சரியாக நடக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. வாந்தி நிற்காத நாளில் உள்ளே தங்குவது எதுவோ அதைச் சாப்பிடுங்கள்.

'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்பதை முதல் மூன்று மாதம் காதில் வாங்கவே வேண்டாம், இப்போது கூடுதல் சாப்பாடு தேவையில்லை. உங்கள் எடைக்குக் கர்ப்பம் முழுக்க 7 முதல் 11 கிலோ வரை கூடினால் போதும். அதற்காக எடை குறைக்க முயலவும் கூடாது. ஸ்கேனில் எல்லாம் சரி, மருத்துவரும் ஓய்வு தேவை என்று சொல்லவில்லை என்றால், சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரமாவது நடங்கள். நடந்தால் கரு கலங்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு நடங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மீன் எண்ணெய் கேப்ஸ்யூலை ட்ரைகிளிசரைடுக்கு என்று நீங்களாக வாங்க வேண்டியதில்லை.

மறுபடி எப்போது டெஸ்ட் என்றால், மாதாமாதம் எடுத்துப் பார்க்காதீர்கள். எண் ஏறத்தான் போகிறது, ஒவ்வொரு முறையும் தூக்கம்தான் போகும். ஆரம்பமே 186 என்பதால், 24 முதல் 28 வாரத்தில் சர்க்கரைச் சோதனைக்குப் போகும்போது குளுக்கோஸ் குடிப்பதற்கு முன் தனியாகக் கொஞ்சம் ரத்தம் எடுத்து ட்ரைகிளிசரைடையும் ஒரே ஒருமுறை பார்க்கலாம் என்பது என் கருத்து. அன்று 300 இருந்தாலும் பதற வேண்டாம். 500ஐத் தாண்டினால் கொழுப்பைக் கட்டுப்படுத்தும் உணவுத் திட்டம், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு என்று போக வேண்டும். 1,000ஐ நெருங்கினால் கணையத்தில் அழற்சி வரக்கூடும், அது அவசரம். அப்படிப் போகிறவர்கள் மிகச் சிலர்தான். அவர்களில் பலருக்குப் பரம்பரைக் கோளாறோ கட்டுப்படாத சர்க்கரையோ இருக்கும்.

பரம்பரை என்றதும் அப்பாவின் விஷயம். ஆணுக்கு 55 வயதுக்குள் இதய ரத்தக்குழாய் அடைத்தால் அதை இளவயது இதயநோய் என்றுதான் கணக்கில் கொள்வோம். பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. அதில் எல்டிஎல் வழக்கமாக 190க்கு மேல் நிற்கும். உங்களுடையது 139, அதனால் உங்களுக்கு அது இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பிரசவமாகி மூன்று மாதம் கழித்து ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ட்ரைகிளிசரைடு சீக்கிரமே இறங்கிவிடும், தாய்ப்பால் கொடுத்தால் இன்னும் வேகமாக இறங்கும். எல்டிஎல் இறங்கச் சில வாரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த ரிப்போர்ட்தான் உங்களுடைய உண்மையான எண். கர்ப்பத்தில் சர்க்கரையோ பி.பி.யோ வந்திருந்தால் அதையும் அப்போது சேர்த்துச் சொல்லுங்கள், பிற்காலத்து இதய ஆரோக்கியத்துக்கு அது முக்கியமான தகவல்.

ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பு அப்பாவுக்கு எடுத்த ரிப்போர்ட் வீட்டில் எங்காவது இருக்கும். அதில் எல்டிஎல் எவ்வளவு இருந்தது என்று தேடிப் பாருங்கள். உங்களுக்கு 24 வயதில் ஒரு தம்பி இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவர் இதுவரை ஒரு டெஸ்ட்டும் எடுத்ததில்லை என்றும். அடுத்த பேக்கேஜை உங்கள் கணவர் அவர் பெயரில் புக் செய்யட்டும்.